சைக்கிள்ல விழுந்து எழுந்தாச்சா? காயம் ஆறின பிறகும் இதையெல்லாம் கவனிங்க!

சைக்கிளில் இருந்து விழாமல் சைக்கிள் கற்றுக்கொண்டவர்கள் யாருமே இருக்க மாட்டார்கள். அதனாலேயே, ‘சைக்கிள்ல தானே விழுந்தே, சரியாகிடும்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். பிளஸ் ஒன் பிள்ளைகள் அரசு தந்த சைக்கிளில் கோரிப்பாளையம் சிக்னலில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே புகுந்து போகிறார்கள். சோழவந்தான் பக்கம் தாத்தாக்கள் விடியற்காலையில் வயலுக்கு சைக்கிள் மிதிக்கிறார்கள். இவர்கள் விழுந்தால் சிராய்ப்பு பத்து நாளில் ஆறிவிடும். உள்ளே பட்ட அடி சில மாதங்கள், சில சமயம் பல வருடங்கள் கழித்துத்தான் கணக்குக் கேட்கும்.

முதலில் மணிக்கட்டு. விழும்போது எல்லோரும் கையைத்தான் ஊன்றுவோம். கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் ஒரு குழி தெரியும், பாருங்கள். அதற்குக் கீழே முந்திரிப்பருப்பு மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அது விரிசல் விட்டால் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். ‘எலும்புல ஒண்ணும் இல்லை, சுளுக்குதான்’ என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடுவோம். ஆனால், இந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் ரொம்பக் குறைவு. கூடாமல் விட்டால் ஒரு பகுதி செத்தே போகும். சில வருடங்களில் மணிக்கட்டு தேய்ந்து, பைக் ஆக்சிலரேட்டரை முறுக்கக்கூட வலிக்கும். அந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறதா? முதல் எக்ஸ்ரே நார்மல் என்றாலும் 10 முதல் 14 நாளில் இன்னொரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி உடைவது முழங்கை. அது சரியாகக் கூடாவிட்டால் கை வளைந்தே வளரும். பார்க்கத்தான் கோணல், வேலைக்கு ஒன்றும் குறையில்லை என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். பிள்ளை காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகு மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போக ஆரம்பிக்கும். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு அத்தனை வருடமும் இழுபட்டுக்கொண்டே இருந்ததுதான் காரணம். பத்து, இருபது வருடத்துக்கு முந்தைய விழுப்புண் என்று யாருக்கும் தோன்றாது. இப்படி மரத்துப்போனால் டாக்டரிடம் சின்ன வயசுக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாட்டுக்கட்டு பற்றியும் பேசியாக வேண்டும். நம்ம ஊர்ப் பக்கம் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவிக் கட்டுவது இன்றும் உண்டு. நம்பிக்கையோடு போகிறவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால், கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றால், சில மணி நேரத்திலேயே தசை செத்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிவிடும். விரல் நீலம் பாரித்தாலோ, சில்லென்று ஆனாலோ, விரலை நீட்டினால் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே கட்டைத் தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மாவுக்கட்டு போட்டிருந்தாலும் இதே கதைதான். அதை நீங்கள் பிரிக்க முடியாது, போட்ட இடத்துக்கே ஓடுங்கள்.

தலையில் அடிபட்டால் மயக்கமும் வாந்தியும் வருமா என்று பார்ப்போம். வாசனை தெரிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் ரொம்ப மெல்லியவை. தலை பலமாகக் குலுங்கினால் அறுந்துவிடும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியை முகத்துக்கு நேரே வைத்தும் மணக்கவில்லை என்றால் யோசியுங்கள். பூ மணக்காததோடு போகாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. சிலருக்கு வாசனை மெல்லத் திரும்பும், சிலருக்குத் திரும்புவதே இல்லை. தலைவலி, தூக்கமின்மை, எரிச்சல், படித்தது நிற்காதது எல்லாம் மாதக்கணக்கில் தொடரலாம். மார்க் குறைந்ததற்குப் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், சமீபத்தில் எங்காவது விழுந்தானா என்று கேளுங்கள்.

தாத்தாக்களுக்கு வேறு ஆபத்து. மூளைக்கு மேல் ரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, மூன்று நான்கு வாரம் கழித்து நடை தடுமாறும், பேச்சு குழறும். ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாமல் ஒரு ஸ்கேன் எடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்னும் கவனம்.

ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தினால் வெளியே ஒரு வட்டத் தழும்புதான் தெரியும். உள்ளே கணையம் நசுங்கியிருந்தால், சில வாரம் கழித்து மேல்வயிற்று வலியும் வாந்தியும் வரும். கிரிப் கழன்ற ஹேண்டிலை அப்படியே ஓட்டாதீர்கள். முன்பல் ஆடிவிட்டு நின்றுபோனாலும் நிம்மதி வேண்டாம், சில மாதத்தில் கறுத்தால் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். பல் மருத்துவரைப் பாருங்கள்.

மனசு? லாரி ஹாரன் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது, சைக்கிளைத் தொடவே பயம் என்று மாசக்கணக்கில் இருந்தால், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

மோதியது வண்டி என்றால் இன்னொரு சிக்கல். உடம்பு வருடங்கள் கழித்துக் காட்டும், சட்டம் அதுவரை காத்திருக்காது. 2022 ஏப்ரலில் இருந்து மோட்டார் வாகனச் சட்டப்படி இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். மோதிய வண்டி நிற்காமல் போயிருந்தாலும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு. அதனால் மதுரைக்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையோ, தனியாரோ, எங்கே போனாலும் ‘சைக்கிள்ல போறப்ப வண்டி மோதுச்சு’ என்று விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். ‘கீழ விழுந்துட்டேன்’ என்று எழுதிவிட்டால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் அன்றைக்கே போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே ஃபிலிம் மெத்தைக்கு அடியில் கிடந்தால் மடங்கிப்போகும்!