வரவேற்பறைக் கணினியும் வாய் பேசாத படங்களும்

தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கணினியை வைத்து, சேர்த்து வைத்த படங்கள், பாட்டுகள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் அதிலிருந்தே ஓட்டும் ஏற்பாட்டை மீடியா சென்டர் என்பார்கள். 2002இல் மைக்ரோசாஃப்ட் இதற்கென்றே விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு தனிப் பதிப்பு வெளியிட்டது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது அந்த வசதியையே எடுத்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர்கள் எழுதிய எக்ஸ்பிஎம்சி என்ற இலவச மென்பொருள், 2014இல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டு இன்றும் உயிரோடு இருக்கிறது. நான் பயன்படுத்துவது அதைத்தான், லினக்ஸின் மேல்.

இந்த ஏற்பாட்டில் படம் வராமல் போவது அபூர்வம். ஒலிதான் படுத்தும். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்று தெரிந்ததால் நண்பர்கள் வீட்டு ஒலிப் பிரச்சினைகள் என்னிடம் வந்து சேர்கின்றன. அவற்றில் கருவி உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தது மிகக் குறைவு. பெரும்பாலானவை ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: சுருக்கி வைத்திருக்கும் ஒலியைப் பிரித்துத் தருவது யார் வேலை? கணினியா, ரிசீவரா, தொலைக்காட்சியா? இதில் உடன்பாடு இல்லாதபோது சத்தம் வராது, அல்லது அரைகுறையாக வரும். புதிய ரிசீவருக்குப் பணம் கட்டும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் எளிய சோதனை. 5.1 படத்தை ஒதுக்கிவிட்டு, சாதாரண இரண்டு தட ஸ்டீரியோப் பாட்டு ஒன்றை ஓட்டுங்கள். அது கேட்டால் கம்பியும் ஒலிபெருக்கியும் சரி, தகராறு ஒலியின் வடிவத்தில்தான். அதுவும் கேட்காவிட்டால், கணினி ஒலியை வேறெங்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். இன்றைய கணினியில் ஒலி வெளியேறும் வழிகள் பல. தாய்ப்பலகையின் பச்சைத் துளை ஒன்று, ஒளிக்கம்பித் துளை இருந்தால் அது ஒன்று, திரை அட்டையின் எச்டிஎம்ஐ துளைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒன்று. விண்டோஸில் ஒலி அமைப்புப் பக்கத்திலும் லினக்ஸில் 'ஏபிளே' கட்டளையிலும் இந்தப் பட்டியல் முழுக்கக் கிடைக்கும். லினக்ஸ்காரர்கள் 'ஆல்சாமிக்சர்' திறந்து, எந்தத் தடத்தின் அடியிலாவது எம்எம் என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எம்எம் என்றால் வாய் கட்டப்பட்டது என்று பொருள். எம் விசையைத் தட்டினால் திறக்கும். டிஜிட்டல் வெளியீடு இப்படிக் கட்டிக் கிடப்பது பழைய வழக்கம்.

நேற்று கேட்டது இன்று கேட்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் சுவிட்சு போட்ட வரிசை. எச்டிஎம்ஐ கம்பியில் இணைந்ததும் தொலைக்காட்சி தன் ஜாதகத்தைக் கணினிக்குச் சொல்கிறது: இன்னின்ன அளவில் படம் காட்டுவேன், இன்னின்ன வடிவங்களில் ஒலி வாங்குவேன் என்று. எடிட் என்ற இந்தத் தகவல் துணுக்கைப் படிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியோ ரிசீவரோ தூங்கிக்கொண்டிருந்தால், அந்தத் திசையில் காது கேட்கிறவர் எவருமில்லை என்று கணினி முடிவுகட்டிவிடும். விண்டோஸ் உடனே வேறொரு வெளியீட்டுக்குத் தாவும், சில சமயம் திரும்பியும் வராது. தொலைக்காட்சி, ரிசீவர், கடைசியில் கணினி என்ற வரிசையில் போட்டால் போதும். வீட்டில் எல்லோரும் அந்த வரிசையைக் காப்பாற்றுவார்கள் என்று நம்பாதவர்கள், லினக்ஸில் எடிட்டை ஒரு முறை கோப்பாகச் சேமித்து, ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் அதையே படிக்கச் செய்யலாம். நான் அந்தக் கட்சி.

அடுத்தது அதிகம் கேட்கும் புகார். படம் ஓடுகிறது, மழை பெய்கிறது, கார் கதவு அறைகிறது, வசனம் மட்டும் இல்லை. பாட்டு வந்தால் இன்னும் வேடிக்கை. வயலின்கள் கேட்கும், தபலா கேட்கும், பாடுகிறவரைக் காணோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா இதை முதலில் தங்கள் காதின் குறை என்றுதான் நினைப்பார்கள், வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். குறை காதில் இல்லை. 5.1 ஒலியில் ஆறு தடங்கள்: முன்னால் இடம், வலம், நடு, பின்னால் இரண்டு, தாழ்ந்த அதிர்வுகளுக்கு ஒன்று. வசனத்தின் பெரும்பகுதியும் பல சமயம் பாடும் குரலும் நடுத் தடத்தில் இருக்கும். உங்களிடம் இருப்பது இரண்டு ஒலிபெருக்கி. கணினியிடம் ஆறு என்று சொல்லி வைத்திருந்தால், அது நடுத் தடத்தை இல்லாத ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாக அனுப்பிக்கொண்டே இருக்கும்.

கோடியின் ஒலி அமைப்பில் தடங்களின் எண்ணிக்கையை 2.0 என்று மாற்றுங்கள். விண்டோஸின் ஒலி அமைப்பிலும் ஸ்டீரியோ என்று இருக்கட்டும். உடனே குரல் திரும்பும். ஆனால் மொத்த ஒலியும் சற்றுத் தணிந்திருக்கும். நடுத் தடத்தை வழக்கமாக 3 டெசிபல் குறைத்து, இடத்திலும் வலத்திலும் சேர்க்கிறார்கள். ஆறும் சேர்ந்து எல்லை மீறி உடைந்துவிடக் கூடாதே என்று மொத்தத்தையும் தணித்துவிடுகிறார்கள். மூல ஒலி அளவைக் காப்பாற்றும் தேர்வு ஒன்று கோடியில் உண்டு, அதைப் போடலாம். சண்டையில் சுவர் அதிர்ந்து, பேச்சில் காதைத் தீட்ட வேண்டியிருந்தால், படம் ஓடும்போதே ஒலிப் பட்டியலில் பெருக்கத்தைச் சில டெசிபல் ஏற்றுங்கள். பேச்சு மேலே வரும், வெடிச்சத்தம் அமுங்கும். மெல்லிய சுவருள்ள அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

நிஜமாகவே ஆறு ஒலிபெருக்கி வைத்திருப்பவர்கள் லினக்ஸின் 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' நிரலை ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு ஒலிபெருக்கியும் தன் பெயரைத் தானே சொல்லும்படி அதில் ஒரு வசதி இருக்கிறது.

இனி யார் பிரிப்பது என்ற கேள்வி. ஒளிக்கம்பி, அதாவது எஸ்பிடிஃப் வழி, சுருக்காத ஒலியில் இரண்டு தடங்களுக்கு மட்டுமே வடிவமைத்தது. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், இரண்டு தடம் என்றால் நொடிக்கு 1536 கிலோபிட். ஆறு தடம் என்றால் இதைப் போல் மூன்று மடங்கு, அது அந்த வழியில் போகாது. டிவிடியின் டால்பி ஒலி பொதுவாக 384 அல்லது 448 கிலோபிட், டிடிஎஸ் அதிகபட்சமாகச் சுமார் 1509 கிலோபிட். இரண்டும் அந்த 1536க்குள் அடங்கும். எனவே கணினி பிரிக்காமல் பொட்டலமாகவே அனுப்ப, ரிசீவர் பிரிக்கிறது. இதுதான் பாஸ்த்ரூ. ஒளிக்கம்பியில் 5.1 வேண்டுமென்றால் அநேகமாக இதைத் தவிர வழியில்லை.

பாஸ்த்ரூவில் கணினியின் ஒலிக் கட்டுப்பாடு வேலை செய்யாது, பொட்டலத்துக்கு ஏது ஒலி அளவு? அந்தப் பக்கம் இருப்பவருக்கு டிடிஎஸ் தெரியாவிட்டால் மௌனம். பொட்டலத்தையே ஒலி என்று எடுத்துக்கொண்டால் காதைப் பிளக்கும் இரைச்சல். ஆகவே புதிதாக ஒன்றை இயக்கும் முன் ரிசீவரின் ஒலியைக் குறைத்துவிடுங்கள். கோடியில் டால்பிக்கும் டிடிஎஸ்ஸுக்கும் தனித்தனித் தேர்வுகள் உள்ளன. தெரிந்ததை மட்டும் போட வேண்டும்.

எச்டிஎம்ஐ வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை: பாஸ்த்ரூவை மறந்துவிடுங்கள். 2002இல் வந்த முதல் எச்டிஎம்ஐயே சுருக்காத எட்டுத் தடங்களைத் தாங்கும். கணினி பிரித்து அனுப்பட்டும். ட்ரூஎச்டி போன்ற இழப்பில்லாத வடிவங்களைக் கணினி பிரித்தாலும் ரிசீவர் பிரித்தாலும் கிடைப்பது அதே எண்கள்தான். ரிசீவரின் முகப்பில் டால்பி என்று விளக்கு எரியாது, அவ்வளவே. அந்த விளக்குக்காகத் தூக்கம் கெட்டவர்களை அறிவேன். விதிவிலக்கு, கூரையிலும் ஒலிபெருக்கி வைத்திருக்கும் அட்மாஸ்காரர்கள். அந்தக் கூடுதல் தகவலைக் கோடி பிரிக்காது, அவர்களுக்குப் பாஸ்த்ரூதான். கணினியைத் தொலைக்காட்சியில் செருகி அங்கிருந்து ஏஆர்சி வழியாக ரிசீவருக்குக் கொண்டு போகிறவர்களும் கவனிக்க வேண்டும். 2009இல் வந்த ஏஆர்சியின் கொள்ளளவு ஏறக்குறைய ஒளிக்கம்பியைப் போன்றதே. 2017இல் வந்த ஈஏஆர்சிதான் அந்தத் தடையை நீக்கியது.

சில்லறைத் தொந்தரவுகள் சில. பாட்டின் முதல் அரை நொடி விழுங்கப்பட்டால், ஒலிக் கருவி மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்குகிறது. அதை விழித்திருக்கச் செய்யும் தேர்வு கோடியிலேயே உண்டு. ஓயாத உறுமல் (அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், ஊரில் 50) என்றால் சாதாரண ஒலிக்கம்பியும் கேபிள் தொலைக்காட்சிக் கம்பியும் சேர்ந்து நிலமின் சுற்று ஒன்றை உண்டாக்கியிருக்கலாம். ஒளிக்கம்பியில் மின்சாரம் பாயாது, ஆகவே அதற்கு மாறினால் உறுமல் நிற்கும். செருகியின் நிலமின் காலை ஒடிப்பதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

உதடும் பேச்சும் பொருந்தாதபோது, வித்தியாசம் படம் முழுக்க ஒரே அளவா, போகப்போக வளர்கிறதா என்று பாருங்கள். ஒரே அளவென்றால் படத்தை மெருகேற்றத் தொலைக்காட்சி நேரம் எடுத்துக்கொள்கிறது. கோடியில் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தலாம், அல்லது தொலைக்காட்சியை விளையாட்டு முறைக்கு மாற்றலாம். வளர்கிறதென்றால் கோப்பிலேயே கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். நொடிக்கு 24 கட்டத்துக்கும் 23.976 கட்டத்துக்கும் உள்ள வித்தியாசம், நூறு நிமிடப் படத்தில் ஆறு நொடியாகிவிடும்.

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் வாசகர்களுக்கு இன்னொன்று. 24 கட்டத்தில் எடுத்த படத்தைப் பால் முறை டிவிடிக்கு மாற்றும்போது பெரும்பாலும் 25 கட்டமாக ஓட்டிவிடுவார்கள். படம் நான்கு சதவீதம் விரைந்து முடியும். ஈடுசெய்யாமல் விட்டால் பாட்டின் சுருதியும் அரைச்சுரத்தில் பத்தில் ஏழு பங்கு ஏறிவிடும். வானொலியில் கேட்டு வளர்ந்த காது இதைக் கண்டுபிடித்துவிடும், கணினியைத்தான் சந்தேகிக்கும். வட்டு அப்படி என்றால் விஎல்சியில் வேகத்தை 0.96 ஆக்கி, ஒலி அமைப்பில் டைம் ஸ்ட்ரெச்சிங் என்ற தேர்வை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். அந்தத் தேர்வு இருந்தால் வேகம் குறையும், சுருதி இறங்காது. நீக்கினால் இரண்டும் பழைய இடத்துக்கு வரும்.