கேரியரைப் பிடித்த கை

உளவியல் பாடப்புத்தகத்தில் 'கற்றல்' என்ற அத்தியாயத்தைத் திறந்தால் முதலில் வருபவை விலங்குகள். பாவ்லோவின் நாய், தார்ண்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் புறா. அவற்றுக்குப் பிறகு குழந்தைகள் வருவார்கள். வளர்ந்த பெண் ஒருத்தி புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் காட்சி கடைசிப் பக்கம் வரை வராது. கண்டமங்கலத்தில் குடியிருந்துகொண்டு, விழுப்புரம்–புதுச்சேரி சாலையில் பஸ் பிடித்துப் போய், செவிலியர் பயிற்சி மாணவிகளுக்கு இந்த அத்தியாயத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒரு கற்றலைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அது நம் மாநிலத்தில், நம் காலத்தில் நடந்தது.

முதலில் புத்தகத்தில் இருக்கும் ஒன்றைப் பார்த்துவிடுவோம். 1967இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் நாய்களுக்கு மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு பகுதி நாய்களால் மூக்கால் ஒரு பலகையை அழுத்தி அதிர்ச்சியை நிறுத்த முடிந்தது. இன்னொரு பகுதி நாய்கள் என்ன செய்தாலும் அது நிற்கவில்லை. பிறகு எல்லா நாய்களையும் வேறொரு பெட்டியில் விட்டார்கள். நடுவில் ஒரு தாழ்வான தடுப்பு, தாண்டினால் தப்பித்துவிடலாம். முதல் வகை நாய்கள் தாண்டின. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை படுத்துக்கொண்டு முனகின. இதற்குக் 'கற்றறிந்த உதவியின்மை' என்று பெயர் வைத்தார்கள்.

இந்தச் சொல் எங்கள் ஊர்ப்பக்கம் வந்து சேர்ந்த விதம்தான் எனக்குப் பொறுக்காது. அடிக்கிற கணவனை விட்டுப் போகாதவள், கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைப்பவள், பேங்குக்குத் தனியாகப் போகப் பயப்படுபவள் என எல்லாருக்கும் இந்த ஒரே சீட்டை ஒட்டிவிடுகிறார்கள். 'அவங்க மனசு அப்படிப் பழகிப்போச்சு மேடம்' என்று பயிற்சிக் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். தடுப்பை யார் வைத்தது, மின்சாரம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை.

அதே ஆய்வாளர்கள் 50 ஆண்டு கழித்து, 2016இல், தங்கள் முடிவைத் தாங்களே தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். நீண்ட நேரம் துன்பம் தொடர்ந்தால் செயலற்றுப் போவது மூளையின் இயல்பான எதிர்வினை, அதை யாரும் கற்க வேண்டியதில்லை என்று எழுதினார்கள். கற்கப்படுவது வேறு: 'இது என் கையில் இருக்கிறது' என்ற உணர்வு. ஒருமுறை அதைக் கற்ற மூளை, அடுத்த துன்பத்தில் அவ்வளவு எளிதாக முடங்குவதில்லை. நாங்கள் பயன்படுத்தும் புத்தகம் இன்னும் 1967இலேயே நிற்கிறது. தேர்வுக் கேள்வியும் அங்கேயே நிற்கிறது.

அந்தப் பழைய ஆய்வுகளில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. படுத்துவிட்ட நாய்களை எப்படி எழுப்புவது என்று 1968இல் பார்த்தார்கள். கூப்பிட்டுப் பார்த்தார்கள், தின்பண்டம் காட்டினார்கள். பலிக்கவில்லை. கழுத்தில் கயிறு கட்டித் தடுப்பின் அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப இழுத்துப் போனபோதுதான், கால்கள் ஒருமுறை போய்ப் பார்த்த பிறகுதான், தானாகத் தாண்டத் தொடங்கின. பெண்களை நாய்களோடு ஒப்பிட எனக்கு விருப்பமில்லை. கயிறு கட்டி இழுப்பதும் நம் வழி அல்ல. அறிவுரையால் முடியாததை உடம்பு செய்து பார்த்துக் கற்கிறது என்ற ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இனி புதுக்கோட்டைக்குப் போவோம். எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் எங்களுக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் முன்பே தொடங்கியிருந்தது. 1991இல் அது புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் போனது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துப் படிக்க வந்த பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்கப் போன பெண் தொண்டர்களுக்கும் நடையே பெரிய தடையாக இருந்தது. பஸ் வராத ஊர்கள் அவை. அங்கே சைக்கிள் பயிற்சியும் இயக்கத்தின் ஒரு பகுதியானது. தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் ஏற்பாடு செய்யப்பட்டது. தங்கச்சியைச் சைக்கிள் ஓட்டச் சொல்லும் ஒரு பாட்டு ஊர் ஊராகப் பாடப்பட்டது. கல்குவாரியில் கல் உடைத்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பலரும் கற்றார்கள். அங்கே போய் எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிளுக்கு வந்துவிட்டதாகப் பதிவு செய்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் அதிகமான பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனார்கள்.

லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே பலர் வாங்கினார்கள். அதில் அவர்கள் கண்ட வசதி ஒன்று உண்டு: சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை போகும் அந்தக் குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம். பெண்ணுக்கு ஆகாது என்று சொல்லப்பட்ட கம்பி அது.

கண்டமங்கலத்தில் எனக்குத் தெரிந்த பெரியம்மா ஒருவர் இளவயதில் சைக்கிள் கற்றவர். எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை. எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டேன். "அண்ணனோட சைக்கிள்தாம்மா. மொதல்ல கொரங்குப் பெடல்தான். அப்புறம் சீட்டுல ஏத்தி உட்டு, எங்க சித்தி பொண்ணு கேரியர புடிச்சிக்கினு பின்னாலயே ஓடியாந்துச்சி. புடிச்சிக்கினுதான் இருக்குதுன்னு நெனச்சி மிதிச்சிக்கினே போறேன். திரும்பிப் பாத்தா அது அந்தக் கோடியில நிக்குது."

ருஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னதும் ஏறக்குறைய இதுதான். தனியாகச் செய்ய முடிவதற்கும், தெரிந்தவர் துணையோடு செய்ய முடிவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது, கற்றல் நடப்பது அந்த இடைவெளியில்தான் என்றார். அந்தத் துணைக்கு 1976இல் டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவர் வைத்த பெயர் நம் கட்டடத் தொழிலாளர்களின் சொல்: சாரம். கட்டடம் எழும் வரை கட்டி, நின்றதும் பிரித்துவிடும் சாரம். அதில் ஏறிக் கலவை சுமக்கும் சித்தாள் பெண்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. மூவரில் கெயில் ராஸ் பெண். வகுப்பறைகளில் புரூனர் பெயர் மட்டுமே நினைவில் நிற்கிறது. பொம்மையைப் பெரியவர் அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாமும் அடித்த 1961 சோதனையிலும் இதே கதைதான். பண்டூராவோடு டோரதியா ராஸ், ஷீலா ராஸ் என்ற இரு பெண்களின் பெயர்களும் அந்தக் கட்டுரையில் இருக்கின்றன. 'பண்டூராவின் பொம்மைச் சோதனை' என்றுதான் நாங்கள் எழுத வைக்கிறோம்.

பண்டூரா 1977இல் எழுதியது எனக்கு அதைவிட முக்கியம். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். தானே செய்து முடித்த அனுபவத்துக்கு முதலிடம் தந்தார். அடுத்து, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. மற்றவர் வாயால் ஊட்டும் தைரியம் அவற்றைவிட வலு குறைந்தது. கலெக்டரோ டீச்சரோ ஓட்டுவதைப் பார்த்திருந்தால் கல் உடைக்கும் பெண் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். தன்னோடு கல் உடைப்பவள் ஓட்டியதைப் பார்த்தாள், அதனால் சீட்டில் ஏறினாள்.

ஊர் வாய் இருக்கிறதே, அதற்கும் புத்தகத்தில் ஒரு சோதனை உண்டு. கோடுகளின் நீளத்தைக் கேட்டு, சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் தவறாகச் சொன்னால் ஒருவர் என்ன செய்வார் என்று சாலமன் ஆஷ் 1950களில் பார்த்தார். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த விடையையே பலர் மாற்றிச் சொன்னார்கள். ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னால் போதும், பணிந்து போவது மிகவும் குறைந்துவிட்டது. ஆஷ் சோதித்தவர்கள் அனைவரும் கல்லூரி ஆண்கள். தெருவில் சீண்டலையும் வீட்டில் அடியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டிய ஒருத்திக்கு எத்தனை பேர் துணை வேண்டும் என்பதற்கு அந்தச் சோதனையில் விடை கிடையாது. புதுக்கோட்டைப் பெண்களையும் கேலி செய்தார்கள், ஆபாசமாகப் பேசினார்கள். தனியாக ஓட்டியவளை ஊர் பேசித் தீர்த்துவிடும். ஆயிரக்கணக்கில் வந்தபோது பேசுகிறவர்களுக்கு வாய் வலித்தது.

சைக்கிளால் எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தலித்துகள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய தெருக்கள் தமிழ்நாட்டில் இருந்தன. ஒரு தலித் பெண்ணுக்குப் பெடல் மிதிக்கத் தெரிவது வேறு, அந்தத் தெருவில் மிதித்துப் போவது வேறு. வண்டி யார் பெயரில் வாங்கப்பட்டது, கடனை யார் அடைத்தார், காலையில் யாருக்கு அது முதலில் தேவைப்பட்டது என்பதையெல்லாம் உளவியல் கணக்கில் எடுப்பதில்லை.

என் வகுப்பில் இருக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் பதினொன்றாம் வகுப்பில் அரசு தந்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போனவர்கள். கற்றல் பாடத்தை முடித்த நாளில், அந்த சைக்கிள் இப்போது எங்கே இருக்கிறது என்று எழுதித் தரச் சொன்னேன். துருப்பிடித்து வீட்டுப் பின்னால் கிடப்பதாகச் சிலர் எழுதியிருந்தார்கள், விற்றுவிட்டதாகச் சிலர். அம்மா அதில்தான் நூறு நாள் வேலைக்குப் போகிறார் என்று மூன்று பேர். அதிகம் பேர் எழுதியிருந்தது ஒரே விடை: பிளஸ் டூ முடிந்ததும் தம்பி எடுத்துக்கொண்டான்.