பழக் கேக்கைக் குப்பையில் போடும் முன்



ஒரு தவறை ஒப்புக்கொண்டுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் கிறிஸ்துமஸுக்கு நம் பிளாக்கில் ஒரு அம்மா, வீட்டில் செய்த பழக் கேக் கொடுத்தார்கள். போகிக்கு வீட்டை ஒழித்தபோது அந்த டப்பா கண்ணில் பட்டது. மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று திறந்துகூடப் பார்க்காமல் குப்பையில் போட்டேன். மறுநாள் லிஃப்டில் அவர்களே கேட்டார்கள்: "கேக் மிச்சம் இருக்கா சார்? இப்பதான் ருசி ஏறியிருக்கும்." எனக்குப் பதில் வரவில்லை. அதன் பிறகுதான் இந்தக் கேக்கின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிடெலியா ஃபோர்டு என்ற பெண்மணி 1878-ல் ஒரு பழக் கேக் செய்தார். அதை வெட்டும் முன்பே காலமாகிவிட்டார். குடும்பத்தார் அந்தக் கேக்கை வெட்ட மனமின்றி, தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வருகிறார்கள்.

2017-ல் அண்டார்க்டிகாவின் அடேர் முனையில் ஒரு பழைய குடிசையில், துருப்பிடித்த தகர டப்பாவில் ஒரு பழக் கேக் கிடைத்தது. ஸ்காட்டின் 1910-13 பயணக் குழுவினர் கொண்டுபோனது என்று கருதுகிறார்கள். நூறு வருடம் தாண்டியும் பார்வைக்கும் வாசனைக்கும் ஏறக்குறைய நன்றாகவே இருந்ததாம். அங்கே குளிரும் துணை நின்றது.

பிரிட்டனில் கல்யாணக் கேக்கின் மேல் அடுக்கை, பிறக்கப்போகும் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு எடுத்து வைப்பது பழைய வழக்கம். 2011-ல் நடந்த இளவரசர் வில்லியம் திருமணக் கேக்கின் ஓர் அடுக்கை, 2018-ல் மூன்றாவது குழந்தையின் ஞானஸ்நானத்தில் பரிமாறினார்கள்.

நம் பக்கத்துக் கேரளத்தில், தலச்சேரியின் மம்பள்ளி பாபு 1883-ல் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காக முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார் என்று சொல்வார்கள்.

இது எப்படிக் கெடாமல் இருக்கிறது? நம் ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையை இதில் சர்க்கரையும் உலர்ந்த பழங்களும் செய்கின்றன. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிகள் வளரத் தண்ணீர் கிடைப்பதில்லை. ரம் அல்லது பிராந்தி சேர்த்தால் இன்னும் காவல். நாளாக ஆக, பழத்தின் ஈரம் மாவுக்குள் இறங்கி கேக் மிருதுவாகும். பட்டை, கிராம்பு, ஜாதிக்காயின் காரம் தணிந்து ஒன்றோடொன்று கலக்கும். ஃபிக்சட் டெபாசிட் மாதிரிதான். அவசரப்பட்டு உடைத்தால் வட்டி குறையும். ஆனால் சில மாதங்களுக்குப் பிறகு ருசி பெரிதாகக் கூடுவதில்லை.

எல்லாக் கேக்குக்கும் இது பொருந்தாது. மது சேர்க்காமல் ஜூஸில் பழம் ஊறவைத்துச் செய்ததென்றால், நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். ஃபிரிட்ஜில் மூன்று நான்கு வாரம் வைக்கலாம். ரம் ஊற்றியதை பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில், ஃபிரிட்ஜில் வைத்தால் சில மாதங்கள் தாங்கும். எடுக்கும் கத்தியில் ஈரம் கூடாது. பூஞ்சை துளி தெரிந்தாலும், புளித்த வாடை வந்தாலும் முழுவதையும் எறிந்துவிடுங்கள். அந்த இடத்தை மட்டும் வெட்டிச் சாப்பிட வேண்டாம்.

கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மது சேர்த்ததா, என்று செய்தது என்று டப்பாமேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும், மது தொடாதவர்களுக்கும் அது உதவும்.

வாங்குபவர்கள் என்னைப்போல் செய்யாமல், டப்பாவைத் திறந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் செய்தவரையே கேளுங்கள். அந்தக் கேள்வியை லிஃப்டில் அவர்கள் கேட்கும் முன் நான் கேட்டிருக்கலாம்.