தொலைவிலிருந்து ஆளுதல்: ஊவா மலைத் தோட்டங்களும் சேவையகக் கணனிகளும்

இயந்திரமொன்றைத் தொட்டறியாத ஒருவர் கடல் கடந்த ஓரிடத்திலிருந்து அதனை இயக்குவதும் நிறுத்துவதும் அதன் உள்ளியல்பையே மாற்றியமைப்பதும் கணனி யுகம் கண்ட புதுமைகளெனக் கருதப்படுவது வழக்கம். பொறியியலைப் பொறுத்தவரை இக்கருத்துப் பொருந்தும். ஆனால், ஆட்சிமுறை என்ற வகையில் நோக்கின், ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டங்களின் வரலாற்றைப் பயின்றோர்க்கு இது புதிதன்று. இன்று மலையகத் தோட்டங்கள் சிலவற்றிலே கொழுந்தின் நிறை இலத்திரனியல் தராசிற் பதிவாகிக் கம்பனியின் கணனித் தொகுதியைச் சென்றடைகின்றது. அக்கணனியை ஆள்வோர் யார், அதன் அடிப்படை நிரலை மாற்றும் உரிமை எவரிடத்து உள்ளது என்பன, ஆகவே, தொழிலாளரின் கூலியோடு தொடர்புடைய வினாக்களாகிவிட்டன. அவற்றை வரலாற்று நோக்கில் அணுகுவதே இங்கு எமது முயற்சி.

தொழில்நுட்பத்தை முதலிற் சுருங்கக் கூறுவோம். வங்கிகள், திணைக்களங்கள், கம்பனிகள் ஆகியவற்றின் பதிவேடுகளைத் தாங்கும் பெருங்கணனிகளைச் சேவையகம் என்கிறோம், பேச்சுவழக்கில் 'சேர்வர்'. இதன் தாய்ப்பலகையிலே முதன்மைக் கணனிக்கு வேறான ஒரு சிறு கணனி பொருத்தப்பட்டிருக்கும். தனிச் செயலியும் தனி நினைவகமும் பெரும்பாலும் தனி வலையமைப்புத் தொடுப்பும் அதற்கு உண்டு. முதன்மைக் கணனி நிறுத்தப்பட்டிருப்பினும், மின்னிணைப்பு உள்ளவரை அச்சிறு கணனி விழித்திருக்கும். வெப்பநிலை, மின்விசிறி, மின்வழங்கல் என்பவற்றைக் கண்காணித்து அறிக்கையிடும், கட்டளை வந்தால் சேவையகத்தை நிறுத்தி மீள எழுப்பும், ஃபேர்ம்வெயரையும் புதுப்பிக்கும். ஃபேர்ம்வெயர் என்பது வன்பொருளுக்குள்ளேயே எழுதிவைக்கப்பட்ட நிரலாகும். மற்றெல்லா நிரல்களும் அதன்மேல் நின்றே இயங்குதலால், அதனை மாற்றியவர் அனைத்தையும் மாற்ற வல்லவராகிறார். 1998இல் இன்டெல், டெல், எச்.பி., என்.ஈ.சி. ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து இம்முறைமைக்கு ஐ.பி.எம்.ஐ. எனும் பொதுவிதிமுறையை வகுத்தன; 2015இல் ரெட்ஃபிஷ் என்ற புதிய விதிமுறை வெளிவந்தது. எச்.பி. நிறுவனம் தனது ஏற்பாட்டுக்கு வழங்கும் ஐ.எல்.ஓ. என்ற பெயரினுள் 'விளக்கணைப்பு' என்னும் பொருள் அடங்கியுள்ளது. ஆளற்ற மண்டபத்தில் விளக்கு எரியவேண்டியதில்லை என்பது அதன் கருத்து.

தோட்டத்தில் விளக்கை அணைத்துவிட முடியாது. அங்கே ஆட்கள் வாழ்கின்றனர். ஒப்புமைக்கு உள்ள எல்லை இதுவே. ஆயினும் இவ்வெல்லைக்குட்பட்ட ஒற்றுமைகள் கருத்தூன்றி நோக்கத்தக்கன.

இலண்டனிற் பதிவுசெய்யப்பட்ட ஸ்டேர்லிங் கம்பனிகளுக்குச் சொந்தமான தோட்டங்கள் பதுளை, அப்புத்தளை, பண்டாரவளை, மடுல்சீமைப் பகுதிகளிற் பரந்து கிடந்தன. பங்குதாரரிற் பெரும்பாலோர் இலங்கையைக் கண்டவரல்லர். கொழும்பிலிருந்த முகவர் நிலையங்கள் அவர்கள் சார்பில் நிருவாகத்தை நடத்தின. 1835இல் தொடங்கப்பட்ட ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனி அத்தகைய நிலையங்களுள் மூத்தது. பணம், உரம், இயந்திரம், உத்தரவு யாவும் முகவர் நிலையம் வழியாகவே மலையேறின. கணக்கும் தேயிலையும் அவ்வழியாகவே இறங்கின. 1890இல் தம்பேதென்ன முதலிய தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் நேரில் வந்து அவற்றைக் கண்டவர். அவரும் தமது வாணிபத்தைப் பிரித்தானியாவிலிருந்தே நடத்தினார்.

இவ்வமைப்பிலே நமது கவனத்துக்குரியவர் வி.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்பெற்ற வருகைமுகவர். அவர் கொழுந்து பறிப்பிப்பவரல்லர், தொழிற்சாலை நடத்துபவருமல்லர். உற்பத்தியின் எந்தக் கண்ணியிலும் அவருக்கு இடமில்லை. குறித்த காலங்களில் தோட்டத்துக்கு வந்து மலை, தொழிற்சாலை, ஆட்தொகை, செலவு ஆகிய அனைத்தையும் பார்வையிட்டு அறிக்கை எழுதுவார். பெரிய துரை அனுப்பும் மாதக் கணக்குக்குப் புறம்பாக, அத்துரையையும் உள்ளடக்கிய கண்காணிப்பாக அவ்வறிக்கை அமைந்தது. அவர் சென்ற பின்னர் வரும் கடிதத்தின்படி கவாத்து முறை மாறும். பறிப்புச் சுற்றின் நாட்கணக்கு மாறும். ஒரு நாட்பேருக்கு எடுக்கவேண்டிய கொழுந்தின் றாத்தற் கணக்கும் மாறக்கூடும். தாய்ப்பலகையில் அமர்ந்துள்ள சிறு கணனியைப் பொறியியலாளர் 'புறவழி' நிருவாகம் என்பர். ஊவாவில் அப்புறவழி குதிரையிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் வந்தது.

மாற்றம் தொழிலாளரை வந்தடைந்த விதம் வேறு. அதிகாலைப் பிரட்டுக் களத்திலே கணக்கப்பிள்ளை சொன்னபோதுதான் புதிய றாத்தற் கணக்கு அவர்களுக்குத் தெரியவந்தது. எவர் தீர்மானித்தார், எதன்பொருட்டுத் தீர்மானித்தார் என்பன ஆங்கிலக் கடிதங்களுள் அடங்கிக் கிடந்தன. குறித்த றாத்தல் எடுக்காதவருக்கு அரைப் பேரே விழுந்தது. அப்பேரைச் செக்றோலில் எழுதும் எழுதுகோலும் அவர் கையில் இல்லை. துரைமாருக்கெனக் 'கூலித் தமிழ்' என்ற பெயரிலேயே மொழிகற்கும் நூலொன்று அச்சாகியிருந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. தோட்டத்துரை கீழ்நோக்கிப் பேசுவதற்குத் தமிழ் கற்றார். தொழிலாளி மேல்நோக்கிப் பேசுவதற்கு எந்த நூலும் அச்சிடப்படவில்லை.

தொலையாட்சியின் இன்னோர் இயல்பு அது ஒருமைத்தன்மையை வேண்டிநிற்பதாகும். ஆயிரம் அலகுகளை ஓரிடத்திலிருந்து ஆளவேண்டுமாயின் அவை ஒரேவகையினவாக இருத்தல் வசதி. இவ்வசதிக்கு ஊவா கொடுத்த விலை உலக விவசாய வரலாற்றிலே பதிவாகியுள்ளது. 1869ஆம் ஆண்டு மடுல்சீமையிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொட்டுகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பூஞ்சண வல்லுநர் பெர்க்லி ஆராய்ந்து 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டார். பெயர் அவ்வாண்டிலேயே கிடைத்தது, பரிகாரம் கிடைக்கவில்லை. நோயை ஆராய மார்ஷல் வோர்ட் இங்கு வந்து சேர்ந்தது 1880இல். காற்றிற் பரவும் நுண்வித்துகளுக்கு இடையூறின்றி மலைக்கு மலை ஒரே பயிரை நட்டதே கேட்டின் பரப்பைப் பெருக்கியது என அவரது ஆய்வு காட்டிற்று. அப்போது காலம் கடந்துவிட்டது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் பல கைவிடப்பட்டன. ஆட்களுக்குக் கூலி நிலுவை விழுந்தது. கம்பனிகள் தேயிலைக்கு மாறித் தப்பிக்கொண்டன. நிலுவையோடு கடல்வழி திரும்பியோரின் கணக்கு எந்த ஐந்தொகையிலும் ஏறவில்லை.

சேவையக உலகிலும் இவ்வொருமை நிலவுகின்றது. வெவ்வேறு பெயர்களில் விற்கப்படும் தாய்ப்பலகைகள் பலவற்றின் சிறு கணனியில் ஏ.எம்.ஐ. நிறுவனத்தின் மெகாராக் எனும் ஒரே ஃபேர்ம்வெயர் உள்ளது. அதிலே கடவுச்சொல் இன்றி உள்நுழைய வழிவிடும் குறைபாடொன்று 2025 மார்ச்சில் வெளியிடப்பட்டது. அபாய அளவையில் அதற்கு இடப்பட்ட எண் பத்துக்குப் பத்து. நடைமுறையிற் சுரண்டப்படும் குறைபாடுகளின் பட்டியலிலே அமெரிக்க அரச நிறுவனம் அதனை அவ்வாண்டு ஜூனிற் சேர்த்தது. வாங்கியவர் பலகையின் வணிகப்பெயரை அறிவார்; உள்ளே இருப்பது எவருடைய நிரல் என்பதைப் பெரும்பாலும் அறியார்.

அறிக்கையின் நம்பகம் பற்றியும் ஒருவார்த்தை. 2021 டிசம்பரிலே ஈரானியப் பாதுகாப்பு நிறுவனமொன்று எச்.பி. சேவையகங்களின் சிறு கணனிக்குள்ளேயே தங்கியிருந்த தீநிரல் ஒன்றைப் பற்றி அறிவித்தது. ஐ.எல்.ஓ.பிளீட் எனப் பெயரிடப்பட்ட அந்நிரல் ஃபேர்ம்வெயர் புதுப்பிப்பைத் தடுத்ததோடு அமையாது, புதுப்பிப்பு நிறைவேறிவிட்டதாகப் பொய்யும் அறிவித்தது. தொலைவிலிருந்த நிருவாகி திரையிலே வெற்றிச்செய்தியைக் கண்டார். இயந்திரத்தில் எதுவும் மாறவில்லை. துரைமார் கணக்கையும் வி.ஏ. அறிக்கையையும் மாத்திரம் ஆதாரமாகக்கொண்டு தோட்ட வரலாறு எழுதுவோர் இந்நிகழ்வைச் சற்றுச் சிந்திப்பது நன்று.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை ஏற்றன. கட்டளைபிறக்கும் இடம் இலண்டனிலிருந்து கொழும்புக்கு நகர்ந்தது. பிரட்டுக் களத்திலே நின்றவருக்கு அது இறங்குமிடம் மாறவில்லை. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது.

அரசின் கையிலிருந்தால் நிலைமை தானாகவே சீராகும் என்ற எண்ணம் முற்போக்காளரிடையே உண்டு. நாமும் ஒருகாலத்தில் அவ்வாறு எண்ணியதுண்டு. 2023 ஆகஸ்ட் 26இல் இலங்கை அரசின் மேகக்கணனித் தொகுதி பணயத்தீநிரலாற் தாக்கப்பட்டது. அரச மின்னஞ்சல் முகவரி கொண்டோர் ஏறத்தாழ 5,000 பேரின் அஞ்சல்கள், மே 17 முதல் அந்நாள்வரையுள்ளவை, மீட்க இயலாதவாறு அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டோருள் அடங்கும். அவ்விடைக்காலத்துக்குரிய காப்புப்பிரதி இல்லை. அஞ்சல் நிரலோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவைத் தயாரித்த நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரிலிலேயே நிறுத்திவிட்டது. புதுப்பிக்கும் திட்டம் 2021 முதல் இருந்தும் நிதித்தடையால் தாமதமாயிற்றென விளக்கம் தரப்பட்டது. இங்கு பழுதானது ஃபேர்ம்வெயர் அன்று, அதன் மேலுள்ள மென்பொருள் என்பது உண்மை. எனினும் வினா ஒன்றே. புதுப்பிப்பதும் புதுப்பியாது விடுவதும் ஒரு தீர்மானம். அத்தீர்மானத்தின் விளைவைச் சுமப்பவர் அதனை அறியவே வழியில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் முதல் 2003இன் சட்டம் வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள் கடதாசிக்காகக் கச்சேரி வாசலில் நின்ற ஒரு மக்கட்கூட்டத்துக்குப் பதிவேடு அழிதல் என்பது தொழில்நுட்பச் செய்தி மாத்திரமன்று.

தொலையாட்சி இவ்வாறுதான் அமையவேண்டுமென்ற நியதி உண்டா? ஊவாவிலேயே மாற்று உதாரணமொன்று நூறாண்டுகளுக்கு மேலாக நம் கண்முன் உள்ளது. புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்தது. அது வந்ததும் தோட்டத்துக்காகவே; அதனை நாம் இலட்சியப்படுத்தவில்லை. ஆனால், அவ்வொற்றைப் பாதையில் வண்டிகள் மோதாதிருக்கக் கையாளப்பட்ட 'டப்ளட்' முறை வேறொரு தத்துவத்தை உடையது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த இரு பெட்டிகள் உள. அவற்றினுள் உலோக வில்லைகள் அடுக்கப்பட்டிருக்கும். தெமோதரை நிலைய அதிபர் வண்டியை அனுப்ப விரும்பின் மணியடித்து அடுத்த நிலையத்தைக் கேட்பார். அங்குள்ளவர் பாதை வெறுமையாயிருப்பதை அறிந்து தமது பெட்டியை அழுத்தி இசைந்தாலன்றித் தெமோதரைப் பெட்டியிலிருந்து வில்லை வெளிவராது. ஒரு வில்லை வெளியே இருக்கும்வரை எந்த முனையிலும் மற்றொன்றை எடுக்க இயலாது. சாரதி தமது கையில் அவ்வில்லையைக் காணாமல் வண்டியை நகர்த்தமாட்டார். கட்டளை தொலைவிலிருந்துதான் வருகின்றது. ஆனால், இருமுனையிலும் மனிதக் கையின் இசைவின்றி அது நிறைவேறுவதில்லை. நிறைவேறியதற்கான சான்றும் திரையில் தோன்றும் சொல்லன்று, கையிலுள்ள பொருள்.

சேவையகத் தாய்ப்பலகைகள் சிலவற்றிலும் இதற்கிணையான ஏற்பாடு இருக்கிறது. சிறு உலோக இணைப்பொன்றை ஒருவர் நேரிற் சென்று இடம்மாற்றினாலன்றி ஃபேர்ம்வெயரின் மீது எழுத இயலாது. ஆயிரக்கணக்கான சேவையகங்களை ஆள்வோருக்கு இது பெருந்தொல்லை; ஒவ்வொன்றுக்கும் ஆள் அனுப்பவேண்டும், விளக்கேற்றவேண்டும். எனவே செலவுக்கணக்குப் பார்ப்போர் அதனை விரும்புவதில்லை. தோட்டத்தின் இலத்திரனியல் தராசைப் பொறுத்தவரையோ இத்தொல்லை எழ நியாயமில்லை. நிறுக்குமிடத்திலே கொழுந்துக்காரி நாள்தோறும் நேரில் நிற்கின்றாள். தராசின் நிரலோ கழிவுக் கணக்கோ மாற்றப்படும் நாளிலே அதனைத் தமிழிற் கூறி, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அவளது கையிற் கடதாசியாகக் கொடுப்பதற்கு வேண்டியது ஓர் அச்சுப்பொறியும் ஒரு கட்டுக் கடதாசியுமே.