எட்னா மூச்சு விட்ட கதையும் மூணாற்று மலையும்

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போகிறோம். மூன்று வார லீவு. மாமியார் வீடு, குலதெய்வக் கோவில், ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து எல்லாம் போக இரண்டு நாள் மிச்சம் இருந்தால் வண்டி போடி மலையேறி மூணாறு போகிறது. தேயிலைச் சரிவில் பிள்ளைகளை நிறுத்தி ஒரு போட்டோ, திரும்பும்போது ஒரு கிலோ டீத்தூள், கொஞ்சம் ஏலக்காய். நம்மில் பலருக்கு மூணாறு இவ்வளவுதான்.

அந்தப் பச்சைச் சரிவு நகர்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அது பிழைப்பு சம்பந்தப்பட்ட கேள்வி. செயற்கைக்கோள் ரேடார் படங்களை வைத்துக்கொண்டு அணை, சுரங்கப்பாதை, மலைச்சரிவு எல்லாம் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தன என்று கணக்குப் போடுவதுதான் இங்கே ஐரோப்பாவில் என் வேலை. "என்னப்பா வேலை பாக்குற?" என்று பெரியப்பா கேட்டால் "நிலம் அளக்குறேன்" என்பேன். "சர்வேயரா?" என்பார். ஆமாம், கொஞ்சம் உயரத்திலிருந்து.

இந்தப் பதிவு, நிலத்தை அளந்த கதையும் மூணாற்றின் கதையும் எங்கே சந்திக்கின்றன, எங்கே சந்திக்காமல் போகின்றன என்பதைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

*

நிலம் அளக்கும் தொழிலுக்கு நம் பக்கத்தில் நல்ல பூர்வீகம் உண்டு. 1802 ஏப்ரல் 10-ம் தேதி, சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சங்கிலி போட்டு ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் கோடு. பிற்பாடு இமயமலை வரை போன பெரும் முக்கோண அளவைக்கு அதுதான் முதல் படி. அவர் கொண்டுபோன தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-ல் தஞ்சாவூரில் அதைக் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு விட்டுப்போய், சுவரில் மோதி நசுங்கியது. அவரே உட்கார்ந்து அதைச் சரி செய்து மறுபடி வேலையைத் தொடர்ந்தார். இன்று ஒரு மில்லிமீட்டருக்காக நாங்கள் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்த நசுங்கிய கருவி ஞாபகம் வரும்.

1816-லிருந்து 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்ட்கள் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களை அளந்தார்கள். அந்த அளவையில்தான் இந்த உயர்ந்த மலைகள் வரைபடத்துக்குள் ஒழுங்காக வந்தன. 1877-ல் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்பவர் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் ப்ரொட்யூஸ் கம்பெனி வந்தது. பிறகு டாடா ஃபின்லே, டாடா டீ, 2005-லிருந்து தொழிலாளர்களும் பங்கு வைத்திருக்கும் இன்றைய கண்ணன் தேவன் கம்பெனி.

காட்டை வெட்டித் தேயிலை வைத்தது யார்? கங்காணிகள் கூட்டிப்போன நம் ஆட்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் மலையேறியவர்கள். 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. மலை மேல் இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். தமிழ் பேசும் தொழிலாளிக்குக் கேரளத்து ரேஷன் கார்டு.

இத்தனை காலம் அளந்ததெல்லாம் ஒரே கேள்விக்காக. யாருக்கு எவ்வளவு ஏக்கர்? மலை ஆடாமல் அசையாமல் நிற்கும் என்பது அந்தக் கணக்கில் சொல்லாமலே ஒத்துக்கொண்ட விஷயம்.

*

அது அப்படி நிற்கவில்லை என்பதை 1924 ஜூலை காட்டியது. மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றி ஒன்பதின் வெள்ளம்' என்பார்கள் (கொல்லம் ஆண்டு 1099). அப்போது மூணாற்றில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது! குண்டளை பள்ளத்தாக்கு ரயில். 1902-ல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-ல் இரண்டடி அகலப் பாதையாக மாறியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ரயிலில் போகும். அங்கிருந்து கம்பிவடத்தில் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகச் சமவெளிக்குப் போகும். டாப் ஸ்டேஷன் என்ற பெயரின் ரகசியம் இதுதான்.

1924 வெள்ளமும் மண்சரிவும் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயின. திரும்பக் கட்டவே இல்லை. ஆலுவாவிலிருந்து மாங்குளம் வழியாக வந்த பழைய சாலையும் அதே மழையில் அழிந்தது. அன்றைய ரயில் நிலையக் கட்டிடம் இன்று தேயிலைக் கம்பெனியின் அலுவலகம். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

*

சரி, இதில் எட்னா எங்கே வந்தது?

1991 டிசம்பரிலிருந்து 1993 மார்ச் வரை இத்தாலியின் எட்னா எரிமலை கக்கிக்கொண்டிருந்தது. 1991-ல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவிய இஆர்எஸ்-1 செயற்கைக்கோள் அதே காலத்தில் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. டிடியே மசோனே என்ற பிரெஞ்சு விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் அந்த ரேடார் படங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, கக்கும் நேரத்தில் மலை முழுவதுமே கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கியதை 1995-ல் வெளியிட்டார்கள். உள்ளே இருந்த குழம்பு வெளியே போகப்போக மலை, காற்று இறங்கும் பூரி மாதிரி இறங்கியிருக்கிறது. எரிமலையின் மேல் யாரும் கால் வைக்காமலே அதன் மூச்சை அளந்த கதை இது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு இடம் உண்டு. அந்தமான் கடலில் இருக்கும் பாரன் தீவு. இந்தியாவில் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை, நீண்ட தூக்கத்துக்குப் பிறகு 1991-ல் விழித்தது. மனிதர் யாரும் வசிக்காத அந்தத் தீவில் கருவியை நட்டுவிட்டுக் காவல் இருப்பது சிரமம். வானத்திலிருந்து அளக்கும் வித்தை இப்படிப்பட்ட இடங்களுக்கென்றே பிறந்தது.

வித்தை என்னவென்றால், சுமார் 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடார் அலை கீழே வந்து, நிலத்தில் பட்டு, திரும்பிப் போகிறது. சென்டினல்-1 செயற்கைக்கோள்களில் அந்த அலையின் நீளம் 5.6 சென்டிமீட்டர். திரும்பி வரும்போது அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது (மேட்டிலா, பள்ளத்திலா) என்று குறித்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு நாள் கழித்து அதே இடத்துக்கு மேல் வந்து மறுபடி குறிக்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால், நிலத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவில் உள்ள தூரம் மாறியிருக்கிறது. போகவும் வரவும் இரண்டு முறை கணக்கு என்பதால், 2.8 சென்டிமீட்டர் நகர்வுக்குப் படத்தில் ஒரு வண்ண வளையம்.

நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரம் மாதிரி இது. எத்தனை நிமிடம் என்று துல்லியமாகச் சொல்லும். எத்தனை மணி என்பதை, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து நாம்தான் எண்ணிச் சேர்க்க வேண்டும். மேகம், இருட்டு எதுவும் இதற்குத் தடை இல்லை. ஆடி மாதம் முழுக்கப் போர்வை போர்த்திக் கிடக்கும் மூணாற்றுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றுகிறதல்லவா?

*

இங்கேதான் சிக்கல். எட்னாவின் மேல்பகுதி கரும்பாறை. மூணாறு முழுக்க இலை. 5.6 சென்டிமீட்டர் அலை பெரும்பாலும் இலையிலும் சிறு கொம்பிலும் பட்டுத் திரும்பிவிடும். கொழுந்து கிள்ளுகிறார்கள், கவாத்து செய்கிறார்கள், காற்றடிக்கிறது. பன்னிரண்டு நாளில் செடி பழைய செடியாக இருப்பதில்லை. படத்தில் வளையங்களுக்குப் பதிலாக வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். செங்குத்தான மலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. ரேடார் பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிறது, அதனால் சில சரிவுகள் நிழலில் மறைந்துவிடும், சில ஒன்றின் மேல் ஒன்று மடிந்துவிடும்.

இலைக்காட்டிலும் அசையாமல் பதில் சொல்லும் புள்ளிகள் சில உண்டு. பாறை, பாலம், அணைச்சுவர், வீட்டுக் கூரை. இந்த நிலைப்புள்ளிகளை மட்டும் பொறுக்கியெடுத்து, பல வருடப் படங்களை அடுக்கி, வருடத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லும் முறையை 1990-களின் கடைசியில் மிலான் பொறியியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். தேயிலைத் தோட்டத்தில் எது நல்ல நிலைப்புள்ளி தெரியுமா? லயத்தின் தகரக் கூரை! அடிமட்டத் தொழிலாளி வீட்டுக் கூரையைத்தான் செயற்கைக்கோளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கூரைக்கு மேலே நிற்கிற காட்டுச் சரிவு அதற்குத் தெரியாது. 2020-ல் இடிந்து வந்தது அப்படி ஒரு சரிவுதான்.

2020 ஆகஸ்ட் 6, இரவு பத்தே முக்கால் மணி வாக்கில், நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷனில், மேலே காட்டுப்பகுதியில் உடைந்த மலை, ஓடை வழியாகப் பாறையும் சேறுமாக இறங்கி லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. மின்சாரம் இல்லை, போன் இல்லை. விடிந்த பிறகுதான் செய்தி வெளியே வந்தது. பெரியவரையில் தற்காலிகப் பாலம் வெள்ளத்தில் போயிருந்ததால் மீட்புப் படை போய்ச் சேரவும் தாமதம். இறந்தவர்களில் பலருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. மறுநாள் இரவே கரிப்பூரில் விமான விபத்து நடந்தது. தொலைக்காட்சிகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன.

ரேடார் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்குமா என்று கேட்பவர்களுக்கு என் நேர்மையான பதில்: தனியாக, அனேகமாகக் காப்பாற்றியிருக்காது. எரிமலை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வீங்கும். சில சரிவுகளும் அப்படி வருடக்கணக்கில் ஊர்ந்துதான் விழும். அவற்றை ரேடார் முன்கூட்டியே பிடிக்கலாம். ஆனால் பெருமழையில் நீர் ஊறி ஒரே இரவில் உடைவது வேறு ஜாதி. பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை வருபவனிடம் அன்றைய இரவைப் பற்றிக் கேட்க முடியாது.

அதற்கு மண்ணுக்குள்ளேயே ஆள் வேண்டும். மூணாற்றிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. 2005-ல் சரிவு கண்ட அந்தோணியார் காலனியில், அமிர்தா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனிஷா வினோதினி ரமேஷும் அவர் குழுவும் பூமிக்குள் குழாய் இறக்கி உணர்விகளை வைத்தார்கள். மண் துளைகளில் ஏறும் நீரழுத்தம், சாய்வு, அதிர்வு எல்லாவற்றையும் கம்பியில்லாமல் அனுப்பும் வலை. 2009 மழைக்காலத்தில் அது எச்சரிக்கையும் கொடுத்தது. ஆனால் அது காப்பது ஒரு காலனியை. மலையில் எத்தனை லயங்கள்!

ஆக, ரேடார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்தச் சரிவு ஏற்கனவே மெல்ல ஊர்கிறது, உணர்விகளை முதலில் எங்கே நட வேண்டும், எந்த லயத்தை முதலில் இடம் மாற்ற வேண்டும் என்று காட்டும் வரிசைப் பட்டியல். அதற்கு இலையை ஊடுருவும் நீண்ட அலை வேண்டும்.

அது இப்போது வந்திருக்கிறது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார், 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்16 ராக்கெட்டில் ஏறியது. அதன் எல்-பட்டை அலை 24 சென்டிமீட்டர். இலையைத் தாண்டி, கிளையையும் அடிமரத்தையும் தரையையும் தொட்டு வரும். பன்னிரண்டு மீட்டர் அகல ஆன்டெனா. பன்னிரண்டு நாளுக்கொரு முறை அதே பாதை. சரியாக ஒரு வருடத்துக்கு முன், 2024 ஜூலை 30 அதிகாலையில்தான் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை சரிந்தது. அங்கேயும் தோட்டம், அங்கேயும் லயம். மறுநாள் எடுத்த ரேடார் படங்களை இஸ்ரோவின் தொலையுணர்வு மையம் வெளியிட்டது. சுமார் 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்திருக்கிறது, சேறு எட்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று துல்லியமாகச் சொன்னார்கள். எல்லாம் முடிந்த பிறகு.

*

தொழில்காரனாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அளப்பது இன்று கஷ்டமே இல்லை. படங்கள் இலவசம், கணினி மலிவு, படித்த பிள்ளைகள் ஏராளம். கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. 'இந்த லயம் ஆபத்தில் இருக்கிறது' என்று படம் சொன்னால், அந்தக் குடும்பம் எங்கே போகும்? லயம் கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். நான்கு தலைமுறை உழைத்தும் சொந்தமாக ஒரு சென்ட் இல்லாதவர்கள் அங்கே நிறையப் பேர். ஓட இடம் இல்லாதவனிடம் ஓடு என்று சொல்வது எச்சரிக்கை ஆகாது.

இருநூறு வருடமாக அந்த மலையை அளந்து வருகிறோம். ஏக்கருக்காக அளந்தோம், எல்லைக்காக அளந்தோம். இப்போதுதான் அங்கே தூங்குகிறவர்களுக்காக அளக்கும் கருவி கைக்கு வந்திருக்கிறது. அந்த அளவு எந்த மேஜையில் போய் நிற்கும் என்பதை எந்தச் செயற்கைக்கோளும் தீர்மானிக்காது. கேட்கிறவர்கள் இருந்தால்தான் அது லயம் வரை போகும். நம்மில் கயத்தாறு, சங்கரன்கோவில், போடி, தேனிப் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர். மலையில் சொந்தம் இல்லாதவர்கள் குறைவு. அடுத்த முறை போன் பேசும்போது, "மழை எப்படி?" என்பதோடு நிறுத்தாமல், "ராத்திரி மழை கொட்டினா எங்க போவீங்க, யாரு வந்து சொல்லுவா?" என்றும் கேட்டு வையுங்கள்.

பாரன் தீவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.