லாபம், ரெண்டு, மூணு

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவருக்கு வருகிறவர்கள் குடவோலை விதிகளைத்தான் தேடுகிறார்கள். பராந்தக சோழன் காலத்து (919, 921) அந்தக் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்தோடு பொன் வாரியமும் உண்டு. பொன்னை நிறுத்த காலம் அது. கழஞ்சு, மஞ்சாடி, குன்றிமணி என்று கணக்கு. நெல்லை யாரும் நிறுக்கவில்லை, அளந்தார்கள். ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, கலம். தஞ்சைப் பெரிய கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்கும் பொன் நிறுத்த கல்லுக்கும் 'ஆடவல்லான்' என்று ஒரே பெயர்தான். ஆனாலும் ஒரு மரக்கால் நெல் என்ன எடை என்று கேட்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

நாழி இருந்த இடத்துக்குப் பின்னாளில் படி வந்தது. செங்கல்பட்டுச் சீமையில் புழங்கியது பட்டணம் படி: எட்டு ஆழாக்கு. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். தெற்கே போனால் படியே சின்னது. களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை 'ஒண்ணு' என்று சொல்லமாட்டார். 'லாபம்' என்று தொடங்கி, 'ரெண்டு', 'மூணு' என்று ராகமாக இழுப்பார். வாங்குகிறவரின் கண் அவர் கையிலேயே இருக்கும். தலை தட்டி அளக்கிறாரா, கோபுரமாகக் குவிக்கிறாரா, நடுவில் ஒரு குலுக்குக் குலுக்குகிறாரா? குலுக்கினால் நெல் அடங்கி இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். கூலி நெல்லுக்கான சண்டை பாதி அந்தக் குலுக்கலில்தான்.

1956-ல் எடை அளவுச் சட்டம் வந்தது. படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் கடைக்குள் நுழைந்தன. ஆனால் 1967 தேர்தலில் காஞ்சிபுரத்துக்காரரான அண்ணாவின் கட்சி வாக்குக் கொடுத்தது கிலோவில் அல்ல: ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். கிலோவில் சொல்லியிருந்தால் அந்த முழக்கம் அடுப்படிக்குள் போயிருக்காது என்பது என் எண்ணம்.

படியைக் கிலோவாக்க ஒரே வாய்ப்பாடு கிடையாது. ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் அரிசி ஏறக்குறைய 800 கிராம் நிற்கும். அதே பாத்திரத்தில் நெல் என்றால் 600 கிராமே அதிகம், உமிக்குள் காற்று இருக்கிறதே. அரிசி மாவைச் சலித்துப் போட்டால் ஓர் எடை, அமுக்கிப் போட்டால் வேறு எடை. கைபேசியில் 'ஒரு கப் துருவிய சீஸ்' என்று பார்த்துவிட்டுத் தராசைத் தேடும் இன்றைய மருமகளுக்கும் இதே பாடுதான்: துருவியதற்கு ஒரு கணக்கு, துண்டு போட்டதற்கு இன்னொரு கணக்கு.

தராசு வந்ததும் சண்டை ஓய்ந்துவிடவில்லை, இடம் மாறியது. இன்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை. குலுக்கலால் அங்கே பயனில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால்தான் பேச்சு வளரும். படியில் அளந்த நாளில் ஈர நெல்லால் விற்பவருக்குப் பெரிய ஆதாயம் இருந்ததில்லை.

கடையிலிருந்து போன படி, விருந்துச் சமையலில் நிலைத்துவிட்டது. அரிசிக்குத் தண்ணீர் வைப்பது அளவைப் பொறுத்தது, எடையை அல்ல. ஒன்றுக்கு இரண்டு என்றால் எந்தப் பாத்திரமானாலும் சரி. வடமாவட்டங்களில் வீட்டு விசேஷத்துக்கு இன்றும் 'அஞ்சு படி பிரியாணி' என்றுதான் சொல்லிவிடுகிறார்கள். பிரியாணி மாஸ்டர் படிக்கு ஒன்றரைக் கிலோ என்று அரிசியைக் கணக்குப் போட்டுச் சீட்டு எழுதித் தருவார். கறியை மட்டும் முதலிலிருந்தே கிலோவில் எழுதுவார்.