டைசனா, ஃபோர்மனா?

1990, ஜூன் 16. லாஸ் வேகாஸ் நகரின் சீஸர்ஸ் பேலஸ் ஓட்டல். ஒரே ராத்திரி, ஒரே குத்துச்சண்டை மேடை.

முதலில் ஏறியவர் ஜார்ஜ் ஃபோர்மன். வயது 41. மொட்டைத் தலை, கொஞ்சம் தொப்பை, மெதுவான நடை. எதிரே பிரேசில்காரர் அடில்சன் ரோட்ரிகஸ். இரண்டாவது ரவுண்டில் ஆள் காலி.

அப்புறம் ஏறியவர் மைக் டைசன். 24 வயது முடிய இன்னும் இரண்டு வாரம் பாக்கி. எதிரே ஹென்றி டில்மன். அமெச்சூர் காலத்தில் டைசனை இரண்டு தடவை தோற்கடித்து, 1984 ஒலிம்பிக் வாய்ப்பைத் தட்டிப் பறித்த அதே டில்மன். பழைய பாக்கியை முதல் ரவுண்டிலேயே வட்டியோடு தீர்த்தார் டைசன்.

அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மனசில் ஒரே கேள்விதான் ஓடியிருக்கும். இந்த இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தினால்?

கடைசி வரை நிறுத்தவே இல்லை. அதனாலேயே அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. உலகத்தில் எங்கெல்லாம் நாலு பாக்ஸிங் பைத்தியங்கள் ஒன்றாக உட்கார்கிறார்களோ, அங்கெல்லாம் நடந்துகொண்டே இருக்கிறது.

ஒரு பட்டிமன்றம் மாதிரி வைத்து, இரண்டு அணியையும் பேசவிட்டுப் பார்த்துவிடலாமா?

முதலில் சரக்கு இருப்பைச் சரிபார்ப்போம். வணிகவியல் படித்தவன், பழக்கதோஷம். ஃபோர்மன்: மொத்தம் 81 தொழில்முறைச் சண்டைகள், 76 வெற்றி, அதில் 68 நாக் அவுட். டைசன்: 50 வெற்றி, அதில் 44 நாக் அவுட். ஃபோர்மன் 6 அடி 3 அங்குலம். டைசன் 5 அடி 10 அங்குலம். கை நீளத்தில் ஃபோர்மனுக்கு ஏறக்குறைய 7 அங்குலம் கூடுதல். பாக்ஸிங்கில் 7 அங்குலம் என்பது ஒரு தெரு அகலம்.

இரண்டு பேரும் வறுமையில் வளர்ந்தவர்கள். ஃபோர்மன் ஹூஸ்டன் நகரத்தின் ஐந்தாவது வார்டில். டைசன் நியூயார்க்கின் ப்ரௌன்ஸ்வில்லில். இரண்டு பேருமே சின்ன வயசில் தெருவில் வழிப்பறி செய்தவர்கள். அரசாங்கம் ஏழை இளைஞர்களுக்காக நடத்திய ‘ஜாப் கோர்’ பயிற்சித் திட்டம் ஃபோர்மனைக் காப்பாற்றியது. கஸ் டமாட்டோ என்கிற கிழட்டுப் பயிற்சியாளர் டைசனைக் காப்பாற்றினார். ஒருவர் 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். இன்னொருவர் 1986 நவம்பரில், 20 வயதில், ட்ரெவர் பெர்பிக்கை இரண்டே ரவுண்டில் சாய்த்து உலகத்தின் மிக இளைய ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார்.

சரி, ஃபோர்மன் அணி முதலில் பேசட்டும். அவர்கள் கையில் ஒரே ஒரு துருப்புச் சீட்டு. 1973 ஜனவரி 22, ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரம்.

அன்றைய சாம்பியன் ஜோ ஃப்ரேஸியர். அதுவரை தோல்வியே தெரியாதவர். 1971-ல் முகமது அலியையே வீழ்த்தியவர். ஹெவிவெயிட் அளவுக்குக் குள்ளம். குனிந்து, தலையை ஆட்டி ஆட்டி, எதிராளியின் மார்போடு ஒட்டி வந்து அடிக்கும் பாணி. படித்ததும் யார் ஞாபகம் வருகிறது? டைசன்தானே! அந்த ஃப்ரேஸியரை ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் ஆறு தடவை தரையில் கிடத்தினார். கிட்டே வந்தால் இரண்டு கையாலும் நெட்டித் தள்ளுவது. தள்ளியதும் கிடைக்கிற இடைவெளியில் கீழேயிருந்து மேலே ஒரு குத்து. அதில் ஒன்று ஃப்ரேஸியரின் காலைத் தரையிலிருந்து கிளப்பியே விட்டது. குனிந்து வருகிறவனுக்கு ஃபோர்மன் எமன். டைசனும் குனிந்துதான் வருவார். தீர்ந்தது விஷயம் என்பார்கள்.

டைசன் அணி சும்மா இருக்குமா? ‘ஃப்ரேஸியர் வேறு, டைசன் வேறு’ என்று எழுந்து நிற்கும். ஃப்ரேஸியருக்கு இடது கைதான் ஆயுதம். டைசனுக்கு இரண்டு கையிலும் வெடி. ஃப்ரேஸியர் சூடாக நாலு ரவுண்டு ஆகும். டைசன் மணி அடிக்கும்போதே கொதித்துக்கொண்டிருப்பார். 1988 ஜூன் 27-ல், அதுவரை தோற்றே அறியாத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்தவர். ஃபோர்மன் கையை அகலமாகச் சுழற்றி அடிப்பவர். அந்தக் கை பாதி வழி வருவதற்குள் டைசன் உள்ளே புகுந்து மூன்று குத்து விட்டிருப்பார். அவர் வேகம் அப்படி.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு விஷயம். இந்த வாதத்தில் எல்லோரும் 1973 ஃபோர்மனையும் 1988 டைசனையும்தான் மேடையேற்றுகிறார்கள். உச்சத்தில் இருந்த ஆட்கள் என்று காரணம் சொல்கிறார்கள். அந்த இரண்டு பேரையும் பிற்பாடு கவிழ்த்த பரீட்சை ஒன்று உண்டு. முழு பலத்தோடு அடித்தும் எதிராளி விழவில்லை. அப்போது என்ன செய்வது?

ஃபோர்மனுக்கு அந்தப் பரீட்சை 1974 அக்டோபர் 30 அன்று வந்தது. இடம், ஜயர் நாட்டின் கின்ஷாசா. அந்நாட்டு அதிபர் மொபுட்டு ஆளுக்கு 50 லட்சம் டாலர் தருவதாகச் சொல்லி வரவழைத்த சண்டை. அதற்கு முந்தைய எட்டுச் சண்டைகளையும் ஃபோர்மன் இரண்டு ரவுண்டுக்குள் முடித்திருந்தார். மூன்றாவது ரவுண்டு எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்திருக்கும். 32 வயது அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு, ‘அடிடா ராஜா’ என்று உடம்பைக் கொடுத்தார். ஃபோர்மன் அடித்தார், அடித்தார், கை ஓயும் வரை அடித்தார். எட்டாவது ரவுண்டில் அலி திருப்பி அடித்தார். ஃபோர்மன் சுருண்டு விழுந்தார். கயிறு தளர்வாக இருந்தது, தண்ணீரில் என்னவோ கலந்துவிட்டார்கள் என்றெல்லாம் பிற்பாடு சாக்குச் சொன்னார்.

டைசனின் பரீட்சை 1990 பிப்ரவரி 11, டோக்கியோவில். எதிரே பஸ்டர் டக்ளஸ். பந்தயக்காரர்கள் அவருக்குக் கொடுத்த மதிப்பு 42-க்கு 1. டைசனை வளர்த்த டமாட்டோ 1985-லேயே இறந்துவிட்டார். எட்டாவது ரவுண்டில் டைசன் டக்ளஸை வீழ்த்தத்தான் செய்தார். ஆனால், அந்த மனுஷன் எழுந்துவிட்டார்! பத்தாவது ரவுண்டில் டைசன் விழுந்தார். வாயிலிருந்து தெறித்த பல் பாதுகாப்பு உறையைத் தரையில் தவழ்ந்து தேடிய காட்சி, பார்த்த யாருக்கும் மறக்காது.

இதுவரை இரண்டு பேரும் சமம். இதற்கப்புறம்தான் வித்தியாசம்.

1976 ஜனவரி 24. அதே லாஸ் வேகாஸ், அதே சீஸர்ஸ் பேலஸ். கின்ஷாசாவுக்குப் பிறகு ஃபோர்மன் முதல் தடவையாக ஒரு பெரிய எதிராளியைச் சந்திக்கிறார். பெயர் ரான் லைல். கொலை வழக்கில் ஏழு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்து, சிறையிலேயே குத்துச்சண்டை பழகி வந்தவர். நாலாவது ரவுண்டில் லைல் அடித்த அடியில் ஃபோர்மன் விழுந்தார். எழுந்து லைலை வீழ்த்தினார். ரவுண்டு முடியும் நேரத்தில் லைல் மறுபடி ஃபோர்மனை வீழ்த்தினார். ஃபோர்மன் மறுபடி எழுந்தார். ஐந்தாவது ரவுண்டில் லைல் விழுந்தார். எழவில்லை.

இப்போது டைசன் கணக்கைப் பாருங்கள். டக்ளஸ், ஹோலிஃபீல்ட், லெனாக்ஸ் லூயிஸ், டேனி வில்லியம்ஸ் என்று நாலு பேர் அவரைக் கீழே தள்ளியிருக்கிறார்கள். நாலு சண்டையும் தோல்வி. தான் விழுந்த ஒரு சண்டையைக்கூட அவர் ஜெயித்ததில்லை.

ஆகவே நடுவர் தீர்ப்பு இதுதான். 1973 ஃபோர்மனும் 1988 டைசனும் மோதினால், முதல் இரண்டு ரவுண்டில் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். அது ஏறக்குறைய நாணயம் சுண்டுவது மாதிரிதான். 1976 ஃபோர்மனை மேடையேற்றினால் என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு அவருக்கே. டைசன் அவரை ஒரு தடவை வீழ்த்தியிருப்பார். ஆனால் ஃபோர்மன் எழுந்திருப்பார். தோல்வி ஒரு பாக்ஸரின் மதிப்பைக் குறைக்கும் என்று நினைக்கிறோம். ஃபோர்மன் விஷயத்தில் அந்த எழுந்து நிற்கும் தைரியம் கின்ஷாசாவில் செலவழித்து வாங்கியது.

நிஜத்தில் ஏன் மோதவில்லை? கணக்குப் போட்டுப் பார்த்தால் இடைவெளி தெரிகிறது. 1991 ஏப்ரலில் ஃபோர்மன் சாம்பியன் ஹோலிஃபீல்டோடு 12 ரவுண்டு நின்று, புள்ளிகளில் தோற்றார். டைசன் அந்த வருஷம் டோனவன் ரட்டக்கோடு இரண்டு சண்டை போட்டார். 1992-ல் பாலியல் பலாத்கார வழக்கில் சிறை. 1995 மார்ச்சில் வெளியே வந்ததும் முதல் எதிராளி பீட்டர் மெக்நீலி. 89 விநாடி வேலை, சம்பளம் சுமார் இரண்டரைக் கோடி டாலர். ஒன்றரை நிமிஷத்துக்கு அவ்வளவு காசு கிடைக்கும்போது ஃபோர்மனிடம் போய் ஏன் குத்து வாங்க வேண்டும்? எந்த முதலாளியும் அந்த வியாபாரம் செய்யமாட்டான்.

டைசனை மட்டம் தட்டுவது என் நோக்கமில்லை. 2003-ல் திவால் மனு கொடுத்தவர், 2012-ல் பிராட்வே மேடையில் தன் கதையைத் தானே சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். 2024 நவம்பரில், 58 வயதில், 27 வயது ஜேக் பாலிடம் எட்டு ரவுண்டு முடியும் வரை விழாமல் நின்றே தோற்றார். அவரும் எழுந்தவர்தான். மேடைக்கு வெளியே.

ஃபோர்மன் 2025 மார்ச் 21 அன்று, 76 வயதில் காலமானார். அவரை நினைத்தால் எனக்கு கிங்ஸ்டன் ஞாபகம் வருவதில்லை. 1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். பத்து வருஷம் குத்துச்சண்டையை விட்டுவிட்டு, ஹூஸ்டனில் பாதிரியாராகப் பிரசங்கம் செய்து, இளைஞர் மையம் ஒன்றை நடத்தப் பணம் தேடித் திரும்பி வந்தவர். எதிரே 26 வயது சாம்பியன் மைக்கேல் மூரர். ஒன்பது ரவுண்டு அடி வாங்கினார். பத்தாவதில் ஒரே ஒரு வலது கைக் குத்து. மூரர் மல்லாந்தார். 45 வயதில் மறுபடி உலக சாம்பியன். அன்று அவர் போட்டிருந்தது, 20 வருஷத்துக்கு முன்னால் அலியிடம் தோற்றபோது அணிந்திருந்த அதே சிவப்பு டிரவுசர். இதில் அவர் பக்கம் நின்ற பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி, கின்ஷாசாவில் அலியின் பக்கம் நின்றவர்!

‘அதெல்லாம் இருக்கட்டும், 1988 டைசன்தான் ஜெயிப்பார்’ என்று நீங்கள் அடம்பிடித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர் ஒரு தடவை கீழே விழுந்து, எழுந்து, ஜெயித்த வீடியோ மட்டும் எங்கேயாவது இருந்தால் கொண்டுவாருங்கள். தீர்ப்பை மாற்றிக்கொள்கிறேன்.